சௌந்தரத்தின் மச்சம்

மாலை போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தில் இருப்பவரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரே ஒரு குடும்பம்தான்.

பங்குனி வெயில். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை சூடேறி, முற்பகலிலேயே ஊருக்குள் அனல் இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். நான் கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு மணப்பெண்ணின் முகத்திலிருந்த அம்மைத் தழும்பைப் பென்சிலால் அழித்துக்கொண்டிருந்தேன். நெகட்டிவில்தான்.

வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். முன்னால், சட்டம் போட்ட படம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள். கடைசியாக, படியேறாமல் தெருவிலேயே நின்ற ஓர் இளம்பெண்.

அவர் படத்தை மேஜையில் வைத்தார். கல்யாணக் குரூப் போட்டோ. மேலே காய்ந்த கதம்ப மாலை. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன.

"ஒங்க கடையில எடுத்ததுதான்க்கா. என் கல்யாணம்" என்றார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "இது என் தங்கச்சி சவுந்தரம். ஆத்தோட போயிட்டா."

வாசல் பக்கம் திரும்பாமலே கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

"தாந்தான் சவுந்தரம்னு அது சொல்லுது."

'அது' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அந்தப் பெண்ணும் கவனித்திருப்பாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு கொண்டுபோன பிள்ளை

அவர் பெயர் அழகர்சாமி. தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மல்லிகையும் கனகாம்பரமும் பயிரிட்டு, விடிவதற்குள் திண்டுக்கல் பூக்கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற குடும்பம்.

அவருக்குக் கல்யாணம் முடிந்த வருஷமே ஐப்பசி மழையில் குடகனாற்றில் வெள்ளம் வந்தது. மாட்டை ஓட்டிவரப் போன சௌந்தரம் திரும்பவில்லை. மாடு மட்டும் தானாக வீடு வந்து சேர்ந்தது. உடம்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, புல்லில் ஓர் உருவம் கட்டி எரித்துக் கருமாதியும் செய்து முடித்துவிட்டார்கள்.

கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கன்னி தெய்வம் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பாவாடை வைத்துப் படையல் போடுவார்கள். சௌந்தரத்துக்கென்று தனிப்படம் கிடையாது. இந்தக் குரூப் போட்டோவின் ஓரத்தில், மிளகளவு முகத்தோடு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நிற்பதுதான் அவளுடைய ஒரே படம். அதற்கு முன்னால்தான் அந்த அம்மாள் எட்டுப் பத்து வருஷமாக விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு பெண் வந்து வீட்டு முற்றத்தில் நின்றாளாம். "ஆத்தா, நான் சவுந்தரம்" என்றாளாம். இவ்வளவு நாளும் எங்கிருந்தாய் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாளாம். அம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டார். மகனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஊரிலும் இரண்டு கட்சி. கருமாதி முடிந்தவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டோம் என்று பாதிப் பெண்கள் விலகிவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். படத்தில் சௌந்தரத்தின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. வந்தவளுக்கும் அதே கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. இரண்டு முகத்தையும் ஒரே அளவில் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒத்துப்போனால் அவள்தான். ஒத்துப்போகாவிட்டால் அனுப்பிவிடுவது.

"மச்சம் எங்க எல்லாத்துக்கும் நல்லா நெனப்பிருக்கு" என்றார் அழகர்சாமி.

"அனுப்புறதுன்னா எங்க அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

அவர் படத்தின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தார். அம்மாள் தரையைப் பார்த்தார். தெருவில் நின்ற பெண் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். போக்கிடம் இல்லாதவர்களின் பார்வை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, குட்டி, சாமியார்

இந்த இடத்தில் எங்கள் லென்ஸ்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அன்று அவ்வளவு நேரம் யோசித்தேன் என்பது விளங்காது.

எங்களிடம் இருந்தது மரத்தாலான பெரிய ஸ்டாண்டு கேமரா. முன்னால் லென்ஸ், பின்னால் படம் பதிகிற கண்ணாடிப் பிளேட் வைக்கிற இடம், நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல். திண்டுக்கல்லில் தோலுக்கா பஞ்சம்? கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டு, அந்தத் துருத்தி எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போல் இருமிக்கொண்டே உழைத்தது.

அதற்கு மூன்று லென்ஸ். என் வீட்டுக்காரர் மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். பித்தளையில் பெருத்த உருவமாக இருந்தது 'மாப்பிள்ளை'. தள்ளி நின்று முகத்தை அழகாக எடுக்கும். சீர் செனத்தி மாதிரி இடம் நிறையக் கேட்கும். சின்னதாக, கைக்குள் அடங்குவது 'குட்டி'. நெருக்கடியான அறைக்குள் எல்லோரையும் அடக்கிவிடும். மூன்றாவது, மதுரையில் ஓர் அச்சகத்திலிருந்து பழையதாக வாங்கியது. படத்தைப் பார்த்துப் படம் எடுப்பதற்கென்றே செய்தது. வெளிச்சம் நிறையக் கேட்கும், மெதுவாக வேலை செய்யும், உள்ளதை உள்ளபடி சொல்லும். நாங்கள் கத்தோலிக்கர்கள், பாதிரியாரைச் சாமியார் என்போம், அதனால் அதற்குச் 'சாமியார்' என்று பெயர்.

தூரத்தில் இருப்பதை எடுக்க எந்த லென்ஸும் போதும். கிட்டத்தில் இருப்பதை எடுக்கும்போதுதான் வம்பு. பொருளை நெருங்க நெருங்கத் துருத்தியை நீட்டிக்கொண்டே போகவேண்டும். மாப்பிள்ளையைப் போட்டால், ஒரு மச்சத்தை உள்ளபடியான அளவில் எடுப்பதற்குள் துருத்தி தீர்ந்துபோகும். குட்டியைப் போட்டால் துருத்தி மிச்சம் இருக்கும், ஆனால் லென்ஸ் முகத்தில் முட்டுகிற மாதிரி நிற்கும். கேமராவின் நிழலே முகத்தில் விழும். மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிப்போகும்.

பூட்டுக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு நான் இப்படித்தான் ஒரு பித்தளைப் பூட்டைக் குட்டியால் எடுத்துக் கொடுத்தேன். பூட்டு பூசணிக்காய் மாதிரி விழுந்ததோடு, அதன் பளபளப்பில் கறுப்புத் துணிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் என் தலையும் விழுந்திருந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தாலும் சிரிப்பார். பூட்டு விஷயத்தில் சிரிப்போடு போயிற்று.

இங்கே விஷயம் வேறு. குரூப் போட்டோ தூரத்திலிருந்து எடுத்தது. வந்தவளைக் கிட்டத்திலிருந்து தப்பான லென்ஸால் எடுத்தால், அவள் சௌந்தரமாகவே இருந்தாலும் வேறு முகம் விழும். லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் நான் பிசகினால் ஒரு பெண் தெருவில் நிற்பாள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சட்டென்று ஏதாவது ஒன்றை மாட்டியிருப்பார். அவருக்குப் பொறுமை கிடையாது, கத்துகிற தொண்டைதான் உண்டு. கல்யாணப் பந்தலில் அவர் "ஆடாதே" என்று கத்தினால் அடுத்த தெருவில் மாடு நிற்கும்.

யோசித்து மூன்றையும் போடுவதென்று முடிவு செய்தேன். முகத்துக்கு மாப்பிள்ளை, தள்ளி நின்று. மச்சத்துக்குச் சாமியார். பழைய படத்திலிருக்கும் மிளகளவு முகத்தைப் பெரிதாக்குவதற்குக் குட்டி, அதுவும் முன்பின்னாகத் திருப்பி மாட்டி. பொருளைவிடப் பெரிதாக எடுக்கும்போது அப்படித் திருப்பினால்தான் ஓரமெல்லாம் கூர்மையாக விழும். காகிதத்துக்கு நிழலும் கிடையாது, கூச்சமும் கிடையாது. பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுவிட்டு எவ்வளவு கிட்டே போனாலும் ஒன்றும் சொல்லாது.

அசையாத முகம்

அண்ணனையும் அம்மாளையும் வெளி அறையில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தேன். வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால், தலை ஆடாமல் இருக்கக் கழுத்தில் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கவை.

அவள் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். குரூப் போட்டோவில் இருக்கிற அதே சாய்வு, அதே சுருக்கம்.

"கண்ணு ஏம்மா சுருங்குது? இங்க வெயில் இல்லையே."

"அன்னிக்கு வெயிலு" என்றாள்.

பேச்சுக் கொடுத்தால் முகம் இளகும் என்று கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள், எந்தப் பிள்ளை யார் இடுப்பில் இருந்தது, பந்தல்காலில் எந்தப் பக்கம் வாழை கட்டியிருந்தது, எல்லாம் சொன்னாள்.

"நீ என்ன கட்டியிருந்த?"

"கருப்புப் பாவாட. வெள்ளத் தாவணி."

நான் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

கல்யாண வீட்டுக்கு எந்தத் தாயும் பெண்ணுக்குக் கறுப்புப் பாவாடை கட்டி அனுப்பமாட்டாள். ஆனால் படத்தில் அது கறுப்புத்தான். அந்தக் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. அரக்கு, சிவப்பு, குங்குமம் எல்லாம் படத்தில் கறுப்பாகத்தான் விழும். அதனால்தான் டார்க்ரூமில் சிவப்பு விளக்கைப் பயமில்லாமல் எரியவிடுகிறோம்.

"படம் எடுத்தவர ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அவர் தொண்டை அப்படி.

அவள் யோசித்தாள். "யாரு எடுத்தா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

சாமியாரை மாட்டினேன். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது, கூர்மையாக விழுகிற இடம் ஒரு நெல்மணியின் கனம்தான். ஆள் மூச்சு விட்டால் போதும், கன்னம் முன்னே வந்து மங்கும், பின்னே போய் மங்கும். மூச்சோடு மூச்சாகத் தெளிந்து மங்கிக்கொண்டிருக்கும் அந்த உருவத்தைப் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். சின்னப் பிள்ளைகளிடம் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

இவளுடைய கன்னம் மங்கவில்லை. ஒருமுறைகூட மங்கவில்லை. மச்சம் நின்ற இடத்தில் நின்றது. நான் துணிக்கு வெளியே தலையை நீட்டி, "மூச்சு விடும்மா, நான் சொல்லும்போது நிறுத்தினா போதும்" என்றேன்.

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

துருத்தி நீண்டால் வெளிச்சம் குறையும், அதற்கேற்ப மூடியைத் திறந்து வைக்கிற நேரம் கூடும். எனக்குக் கடிகாரம் பார்க்கிற வழக்கமில்லை. மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தைச் சொல்லித்தான் கணக்கு வைப்பேன். சாதாரணப் படத்துக்கு ஒரு வரி. அன்று முழு மந்திரமும் சொல்ல வேண்டியிருந்தது. மரண நேரம் என்ற இடம் வந்தபோது மூடியை அவசரமாகப் போட்டேன். நிஜமாகவே பயந்தேன். பட்டப்பகல், வெளியே ரிக்ஷா மணி கேட்கிறது, பக்கத்துக் கடையில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்குகிற வாசம். இருந்தும் பயந்தேன்.

அவர்களை நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

பிளேட்டில் ஒரு துளை

மறுநாள் குட்டியைத் திருப்பி மாட்டி, கல்யாணப் படத்தின் ஓரத்தை எடுத்தேன். மிளகளவு முகம் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. கூடவே மச்சமும் பெரிதாக வந்தது.

சாமியார் எடுத்த மச்சத்தைப் பக்கத்தில் வைத்தேன். வந்தவளுடைய மச்சம் மச்சம்தான். கொஞ்சம் மேடு, ஓரத்தில் தோலோடு கரைந்த நிறம், நடுவில் பூனைமயிர் ஒன்று. பச்சை குத்தியதோ மையிட்டதோ இல்லை.

பழைய படத்தில் இருந்தது வேறு மாதிரி இருந்தது. ஓரம் கத்தரித்தாற்போல் நறுக்கென்று இருந்தது. ஒரு பக்கம் நூலளவு வால். பொட்டளவுக்கு அங்கே முகமே இல்லை, வெறும் கறுப்பு.

எங்கள் கடையில் எடுத்த பிளேட் எதையும் நாங்கள் எறிவதில்லை. பின்னறையில் மரப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும். அழகர்சாமி கல்யாணத்துப் பிளேட்டைத் தேடியெடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும். கறுத்த முகத்தோடு சௌந்தரம் ஓரத்தில் நின்றாள். அவள் கன்னத்தில் ஓர் ஊசித்துளை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் நேராக என் கண்ணில் விழுந்தது.

தூசிதான். படம் எடுத்த அன்று பிளேட்டின் மேல் ஒரு தும்பு உட்கார்ந்திருக்கிறது. அது மறைத்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. நெகட்டிவில் ஓட்டை, அச்சில் கரும்புள்ளி. இப்படி விழுவதை மையால் அடைத்துவிட்டுத்தான் அச்சுப் போடவேண்டும். மணமகனின் நெற்றிக்குப் பக்கத்தில் விழுந்த இன்னொரு புள்ளியை என் வீட்டுக்காரர் ஒழுங்காக அடைத்திருந்தார். ஓரத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைதானே என்று இதை விட்டுவிட்டார்.

ஆக, சௌந்தரத்துக்கு மச்சமே கிடையாது. தினமும் படத்தைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு மச்சம் இருந்ததாக வீடும் ஊரும் நம்பிக்கொண்டிருக்கின்றன. தூசி விழுந்த அதே இடத்தில், மயிரிழை பிசகாமல், பிறவி மச்சத்தோடு ஒருத்தி வந்து நிற்கிறாள்.

பழனியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரரிடம் இரண்டு படத்தையும் காட்டி, நடந்ததையும் சொன்னேன். "பூ வாங்க வந்த எவளோ படத்தப் பாத்திருப்பா. தனக்கும் மச்சம் இருக்குன்னு தோணியிருக்கும், போக்கிடம் இல்லாம வந்துட்டா" என்றார். அவர் சொன்னால் எதுவும் நியாயமாகத்தான் இருக்கும். "சரி, அவ மூச்சு?" என்று கேட்டேன். வழக்கமாகக் கத்துகிற மனுஷர், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வந்தவள்

சொன்னபடி மூன்று பேரும் வந்தார்கள். என்ன சொல்வதென்று எனக்குள் ஒரே போராட்டம். மச்சம் ஒத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு கிடைக்கும். அதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. உண்மை தெரிந்துகொண்டு மறைக்கிற சாமர்த்தியம் எனக்குப் பிறவியிலேயே இல்லை.

படங்களை மேஜையில் பரப்பினேன். பிளேட்டை அழகர்சாமியிடம் கொடுத்து, ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொன்னேன்.

"படத்துல இருக்கிறது மச்சம் இல்லைங்க. தூசி விழுந்த ஓட்டை. உங்க தங்கச்சிக்கு அங்க மச்சம் இருந்திருக்காது."

அவர் வெகுநேரம் பிளேட்டைப் பார்த்தார். துளை வழியாக வந்த வெளிச்சப்புள்ளி அவர் முகத்தில் ஆடியது. பிறகு மெதுவாக அம்மாளிடம் திரும்பினார்.

"ஆத்தா, கேட்டியா? சவுந்தரத்துக்கு மச்சமே இல்லையாம். அப்ப மச்சத்தோட வந்து நிக்கிற இது யாரு? இன்னைக்கே அனுப்பிருவம்."

அந்தப் பெண் வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தன் விதியைப் பேசுகிறார்கள் என்கிற பதைப்பு அவளிடம் கொஞ்சமும் இல்லை.

அம்மாள் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எனக்குத் தெரியாதாப்பு? பெத்து, எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனவ நானு. அவ கன்னத்துல ஒண்ணுமே கெடையாது."

"பெறகு எதுக்கு இம்புட்டு நாளும் சும்மா இருந்த?"

"படம் வந்த அன்னிக்கே பாத்தேன். கன்னத்துல கருப்பா ஒரு புள்ளி. அரக்குப் பாவாட கட்டி விட்டேன், படத்துல அது கருப்பு. படம்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். பெறகு அவ ஆத்தோட போயிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "பெத்த மொகம் எனக்கு மறந்துபோச்சு அழகரு. கண்ண மூடுனா படந்தான் வருது. அம்புட்டு வருசமும் வெளக்கு வச்சு, வந்துரு தாயி வந்துரு தாயின்னு நான் கூப்புட்டது படத்துல இருக்கிறவளத்தான். பெத்தவ போயிட்டா. கூப்புட்டவ வந்துருக்கா. கூப்புட்டுட்டு, வந்தவளப் போன்னு சொல்லுவாகளா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணும் கலங்கிவிட்டது. பயமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை.

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். எம் வீடு, எம் பிள்ள" என்று எழுந்திருக்க முயன்றார் அம்மாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண் படியேறி உள்ளே வந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

"போவமா ஆத்தா. செத்த நேரம் போனா வெயிலு ஏறிரும்" என்றாள்.

இருவரும் படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார்கள். அம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நடைக்கு இவர் நடை சரியாக இருந்தது. யாராவது பார்த்தால் தாயும் மகளும் என்றுதான் சொல்வார்கள்.

அழகர்சாமி போகவில்லை. மேஜையில் கிடந்த கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாய் காதில் விழாத தூரம் போகட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா, எங்க அய்யாவும் இந்தப் படத்துலதான் இருக்காரு. போன வருசம் தவறிட்டாரு. அவருக்கும் சேத்துத்தான் ஆத்தா வெளக்கு வச்சுக் கூப்புடுது."

அவர் விரல் போன இடத்தைப் பார்த்தேன். படத்தின் நடுவில், மணமக்களுக்குப் பக்கத்தில், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி தெளிவாக இருந்தது. முழங்கால் மேல் வைத்த கைகள் தெளிவாக இருந்தன. படம் எடுக்கிற நேரத்தில் தலையை ஆட்டியிருக்கிறார். கழுத்துக்கு மேல் முகம் விழவில்லை. கண்ணும் மூக்கும் இல்லாமல் வெள்ளையாக ஒரு கலங்கல் மட்டும் இருந்தது.

"இந்தப் படத்த நீங்களே வச்சுக்கிறீகளாக்கா?" என்று கேட்டார் அழகர்சாமி.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாலையோடு அதை அவர் கையில் கொடுத்து, எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.